பேரரசர் எங்கே நின்றார்? இஸ்தான்புல்லில் ஒரு நாள் பைசாந்திய நடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காலைப் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து, மதியத்துக்கு மேல் இரண்டுதான். மொத்தமாக ஒரே மதிப்பெண் போட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலை நேரம் மாதிரி ஒரு வரலாற்றுப் பாடத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை, அதே நிறுவனம் அதே நாள் மதியம் நடத்திய விதமோ ரொம்ப வருத்தமாக இருந்தது.

2024 அக்டோபரில் நானும் மாமாவும் போயிருந்தோம். மாமா பள்ளியில் முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உண்டு, ஆனாலும் கான்ஸ்டான்டிநோபிளை, அதாவது பழைய இஸ்தான்புல்லை, ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவர். நாங்கள் எடுத்தது ஒரு நாள் முழுக்க நடக்கும் டூர், காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை, எட்டுப் பேர் குழு, ஒருவருக்கு 110 யூரோ, நுழைவுச் சீட்டுகள் தனி, மதியச் சாப்பாடு அதில் அடக்கம். பைசாந்தியப் பேரரசில், அதாவது இந்த நகரைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசில், மதமும் அரச அதிகாரமும் எப்படிச் சேர்ந்தும் மோதியும் இருந்தன என்பதுதான் தலைப்பு. நிறுவனத்தின் பெயரை நான் போடவில்லை, இதே பாதையில் இதே மாதிரி நடைகளைப் பலர் நடத்துகிறார்கள், யாரிடம் பதிவு செய்தாலும் நான் சொல்வது உங்களுக்குப் பயன்படும்.

காலை டீ குடிக்கும்போதே மாமா சொல்லிவிட்டார், "அங்கே ராஜா பெரியவரா, மதகுரு பெரியவரா? அதை மட்டும் அந்தப் பொண்ணுகிட்ட தெளிவா கேட்டுடு." கேட்டேன். எங்கள் கைடு, முப்பத்தைந்து வயது இருக்கும், பைசாந்தியக் கலை படித்தவர், சிரித்துவிட்டு, நான் பதில் சொல்ல மாட்டேன், போகிற ஒவ்வொரு இடத்திலும் பேரரசர் எங்கே நிற்கிறார், எப்படி நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள் என்றார். நாள் முழுக்க அந்த ஒரு கண்ணோடுதான் நாங்கள் பார்த்தோம். ஒரு டூருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது.

முதல் இடம் ஹிப்போட்ரோம், அதாவது பழைய தேர்ப்பந்தய மைதானம். இன்றைக்கு அது ஒரு பூங்கா மாதிரிதான் இருக்கிறது. நடுவில் எகிப்திலிருந்து கொண்டுவந்த ஓபிலிஸ்க் கல்தூண், அதை 390-இல் முதலாம் தியோடோசியஸ் நிறுத்தினார். எல்லோரும் தூணை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், பார்க்க வேண்டியது கீழே இருக்கும் பளிங்குப் பீடத்தை. அதில் பேரரசர் தன் தனி மாடத்தில் நிற்கிறார், ஒரு பக்கத்தில் வெற்றி பெற்றவருக்குக் கொடுக்க மாலையைக் கையில் வைத்திருக்கிறார், இன்னொரு பக்கத்தில் அவர் காலடியில் தோற்ற இனத்தவர்கள் மண்டியிட்டுக் காணிக்கை நீட்டுகிறார்கள். இங்கே அவர்தான் எல்லோருக்கும் மேல். ஆனால் அதே மைதானத்தில்தான் 532 ஜனவரியில் நீக்கா கலகம் நடந்தது. நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று பிரிந்து கிடந்த பந்தய ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து நகரையே கொளுத்திவிட்டார்கள். அப்போது பேரரசர் ஜஸ்டினியன் தன் மாடத்தில் வந்து நின்றபோது அவர் கையில் இருந்தது வாள் இல்லை, நற்செய்திப் புத்தகம். அதன்மேல் சத்தியம் செய்து, எல்லோரையும் மன்னிக்கிறேன், தவறு என்னுடையது என்று சொல்லிப் பார்த்தார். கூட்டம் நம்பவில்லை. அதன் பிறகு படையை உள்ளே விட்டார், 30,000 பேர் செத்தார்கள் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதி வைத்திருக்கிறார். கைடு இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவே இல்லை, நாங்கள் நின்றிருந்த புல்வெளியைக் கையால் காட்டினார், அவ்வளவுதான். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தக் கலகத்தில் எரிந்து போனதுதான் நகரின் தலைமைக் கிறிஸ்தவக் கோயிலான பழைய ஹாகியா சோஃபியா. அது எரிந்து நாற்பது நாள்கூடத் தாண்டுவதற்குள் புதியதற்கு வேலை தொடங்கிவிட்டது, திராலெஸ் ஊர் ஆந்திமியஸ், மிலேத்தஸ் ஊர் இசிடோர் என்ற இருவரும் கட்ட, 537 டிசம்பர் 27 அன்று திறந்துவிட்டார்கள். ஆறு வருடம்கூட ஆகவில்லை. 558-இல் குவிமாடம் விழுந்தது, கொஞ்சம் உயர்த்திக் கட்டி 562-இல் மறுபடி திறந்தார்கள். இன்றைக்கு நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது குவிமாடம்தான், இடையில் 10-ஆம் நூற்றாண்டிலும் 14-ஆம் நூற்றாண்டிலும் பகுதி பகுதியாக விழுந்து சரிசெய்திருக்கிறார்கள். சொந்த மக்களைக் கொன்ற ஒருவர், ரத்தம் காய்வதற்குள் கடவுளுக்கு இப்படி ஒரு வீட்டைக் கட்ட உட்கார்ந்தார் என்பதை அங்கே போய் நின்று யோசித்தால்தான் அதன் கனம் தெரியும்.

சரி, இப்போது நடைமுறை விஷயம். 2020-இல் ஹாகியா சோஃபியா மறுபடி மசூதி ஆன பிறகு, 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு 25 யூரோ சீட்டு, தனி நுழைவாயில், மேல்மாடம் மட்டும். கீழ்த்தளம் தொழ வருகிறவர்களுக்கு. மேலே போகப் படிக்கட்டு கிடையாது, கல் பாவிய சாய்தளம் ஒன்று வளைந்து வளைந்து ஏறுகிறது, கல் தேய்ந்து வழுக்கும், வெளிச்சம் குறைவு. மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார், கைடு எங்களுக்காகக் குழுவையே நிறுத்தி நிறுத்திக் கூட்டிப்போனார், அதற்கு என் நன்றி. பெண்கள் தலையை மூட ஒரு துணி கொண்டுபோங்கள்.

இங்கேதான் நிறுவனத்தின் மேல் எனக்கு முதல் குறை. அவர்கள் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த படம், பேரரசர் வாசல் என்று சொல்லப்படும் நடுவாசலுக்கு மேலே உள்ள மொசைக், அதாவது சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த படம். அது கீழ்த்தளத்தின் முன்மண்டபத்தில் இருக்கிறது. இந்தச் சீட்டில் எங்களால் அங்கே போக முடியாது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனாலும் விளம்பரத்தை மாற்றவில்லை. மாமா இந்த ஒரு படத்துக்காகவே இந்த டூரைத் தேர்ந்தெடுத்தார். கைடு கையில் லேமினேட் செய்த பெரிய பிரதி ஒன்றை வைத்திருந்தார், மேல்மாடத்து ஓரத்தில் நின்று அதைக் காட்டித்தான் கதையைச் சொன்னார்.

கதை அருமை. கிறிஸ்து அரியணையில் உட்கார்ந்திருக்கிறார், மகுடம் வைத்த ஒரு பேரரசர் அவர் காலடியில் முழந்தாளிட்டு, கைகளை நீட்டி, உடம்பை வளைத்துக் குனிந்திருக்கிறார். பெயர் எழுதவில்லை, ஆனால் ஆறாம் லியோ என்றுதான் பெரும்பாலான அறிஞர்கள் நினைக்கிறார்கள், 886 முதல் 912 வரை ஆண்டவர். மூன்று மனைவிகள் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோனார்கள், வாரிசு நிலைக்கவில்லை. மூன்றாவது திருமணமே கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். 905-இல் சோயி கார்போனோப்சினா என்ற பெண்ணிடம் மகன் பிறந்ததும், அவளை நான்காவதாக மணந்துகொண்டார். பேட்ரியார்க் நிக்கோலாஸ், அதாவது அந்த நகரத்துத் தலைமை ஆயர், என்ன செய்தார் தெரியுமா? 906 கிறிஸ்துமஸ் அன்று பேரரசரை இதே கோயிலின் வாசலிலேயே நிறுத்திவிட்டார், உள்ளே விடவில்லை. சில நாள் கழித்துத் திருக்காட்சி விழாவிலும் அதே கதை. பூமியில் கடவுளின் பிரதிநிதி என்று மக்கள் நம்பிய மனிதர், தன் சொந்தக் கோயிலின் நடுவாசலைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போகிறார்! உடனே லியோ 907-இல் பேட்ரியார்க்கைப் பதவியிலிருந்து தூக்கி, வேறொருவரை வைத்து, ரோமிலிருந்து போப்பின் அனுமதியையும் வாங்கி, காரியத்தை முடித்துக்கொண்டார். ஆனால் அது முடியவில்லை. லியோ இறந்த 912-இல் நிக்கோலாஸ் திரும்பி வந்தார், 920-இல் நான்காவது திருமணம் இனி யாருக்கும் கிடையாது என்று திருச்சபை எழுதி வைத்தது. மூன்றாவதுக்கும் கடுமையான நிபந்தனைகள்.

விழாநாட்களில் பேரரசர் இந்தக் கோயிலுக்கு எப்படி நுழைவார் என்பதையும் கைடு சொன்னார். 10-ஆம் நூற்றாண்டு அரண்மனைச் சடங்கு நூலிலேயே இருக்கிறது. முன்மண்டபத்துக்கு வரும்போது ஒரு திரைக்குப் பின்னால் அவர் தலையிலிருந்து மகுடத்தை எடுத்துவிடுவார்கள். வெறுந்தலையோடுதான் பேட்ரியார்க்கைச் சந்திப்பார், பிறகு இருவரும் சேர்ந்து நடுவாசல் வழியாக உள்ளே போவார்கள். பலிபீடத்தின் மேல் காணிக்கை வைக்கப் பேரரசர் அந்தத் திருவிடத்துக்குள் வரலாம், சாதாரண மக்கள் வர முடியாது. ஆனால் திருப்பலியை அவரால் நிறைவேற்ற முடியாது. ஆக, யாரும் வராத இடத்துக்கு வந்துவிட்டு, ஒரு சாதாரணக் குரு செய்வதைச் செய்ய முடியாமல் அங்கிருந்து விலகி நிற்கிறார். மாமா என் கையை அழுத்தினார், "இதுக்காகத்தான்டா வந்தோம்" என்றார்.

மேல்மாடத்தின் தென்பகுதியில் இருக்கும் சோயி மொசைக்குக்கு முன்னால் நாங்கள் அரை மணி நேரம் நின்றோம், இந்த டூரின் உச்சம் இதுதான். நடுவில் கிறிஸ்து, ஒரு பக்கம் ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் மோனோமாக்கஸ் கோயிலுக்குக் காணிக்கையாகப் பணப்பையை நீட்டுகிறார், இன்னொரு பக்கம் பேரரசி சோயி சுருளேட்டை வைத்திருக்கிறார். உற்றுப் பாருங்கள், மூன்று முகங்களும் உடம்போடு ஒட்டவில்லை, கழுத்தைச் சுற்றிப் பழைய கற்களை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்த தடம் தெரிகிறது. தலைக்கு மேலே உள்ள பெயரும் வேறு எதையோ அழித்துவிட்டு நெருக்கி எழுதியதுதான். சோயிக்கு மூன்று கணவர்கள். முதல் கணவர் மூன்றாம் ரோமானோஸ் 1034-இல் இறந்த இரவிலேயே அவள் நான்காம் மிக்கேலை மணந்தாள், அது உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய புனித வாரம், பேட்ரியார்க் தயங்கினார், அவருக்கு 50 ராத்தல் தங்கம், குருமார்களுக்கு இன்னொரு 50 ராத்தல் கொடுத்தபின் திருமணத்தை நடத்தி வைத்தார் என்று அக்கால வரலாற்று நூல் சொல்கிறது. படத்தில் பேரரசர் கையில் இருக்கும் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் நடந்தது இன்னும் பெரிது. 1042-இல் சோயியின் வளர்ப்பு மகன் ஐந்தாம் மிக்கேல் அரியணை ஏறிச் சில மாதங்களிலேயே அவளை ஒரு தீவு மடத்துக்கு நாடு கடத்தி, தலைமுடியை வெட்டிக் கன்னியாஸ்திரி ஆக்கிவிட்டான். நகரம் கொதித்து எழுந்தது. கடைக்காரர்களும் பெண்களும் தெருவில் இறங்கி, மடத்தில் இருந்த சோயியின் தங்கை தியோடோராவை இழுத்து வந்து, நாங்கள் நின்றிருந்த இதே கோயிலில் பேரரசியாக அறிவித்தார்கள், பேட்ரியார்க்கும் கூடவே நின்றார். மிக்கேலின் கண்களைப் பிடுங்கினார்கள். இந்த மொசைக்கில் முகங்கள் மாறியதற்குக் காரணம் கணவர் மாறியது மட்டும்தானா, சோயி விரட்டப்பட்டபோது அவள் முகத்தையும் சேர்த்து அழித்தார்களா என்பது அறிஞர்களுக்குள் பழைய விவாதம், கைடு இரண்டு பக்கத்தையும் சொன்னார். ஜூனில் சோயி கான்ஸ்டன்டைனை மணந்தாள், அவளுக்கு மூன்றாவது. 920-இன் முடிவு நினைவிருக்கிறதா? அதனால் பேட்ரியார்க் அந்தத் திருமணத்தைத் தன் கையால் நடத்தவில்லை, வேறொரு குரு நடத்தினார். ஆனால் மறுநாள் கான்ஸ்டன்டைனுக்கு முடிசூட்டியவர் அதே பேட்ரியார்க்தான். லியோவை வாசலில் நிறுத்தியதற்கும் இதற்கும் நடுவில் 135 வருடம், கேள்வி அதேதான், விடை மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் எனக்கு இப்படித் தெளிவாகப் புரிந்ததில்லை.

பக்கத்திலேயே இரண்டாம் யோவான் கொம்னேனோஸ், அவர் மனைவி ஐரீன் மொசைக், 1120-களைச் சேர்ந்தது, இங்கேயும் பணப்பை. ஐரீன் ஹங்கேரி இளவரசி, செம்பட்டைப் பின்னல் நீளமாகத் தொங்குகிறது. கொஞ்சம் தள்ளி, அன்னை மரியாவும் திருமுழுக்கு யோவானும் கிறிஸ்துவிடம் மனிதர்களுக்காக மன்றாடும் தெயிசிஸ் மொசைக், கீழ்ப்பாதி போய்விட்டது, மிச்சம் இருக்கும் முகங்களே போதும். இதை 1261-இல் நகரை, மேற்கிலிருந்து வந்து பிடித்து வைத்திருந்த லத்தீன்காரர்களிடமிருந்து மீட்ட எட்டாம் மிக்கேல் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அவர் அன்னையின் திருவுருவம் முன்னே செல்லப் பின்னால் நடந்து நகருக்குள் வந்தார், இங்கே மறுபடி முடிசூட்டிக்கொண்டார், அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்றே உண்மையான வாரிசான பதினொரு வயதுப் பையன் நான்காம் யோவானின் கண்களைக் குருடாக்கினார். முடிசூட்டிய பேட்ரியார்க் அர்செனியோஸே அவரைத் திருச்சபையை விட்டு விலக்கி வைத்தார். மிக்கேல் அர்செனியோஸைப் பதவி நீக்கினார், ஆனால் மன்னிப்பு வேண்டுமே! 1267-இல், பின்னால் வந்த பேட்ரியார்க் ஜோசப்பின் முன்னால் வெறுந்தலையோடு மண்டியிட்டுத்தான் அதைப் பெற்றார். அர்செனியோஸ் பக்கம் நின்றவர்கள் 1310 வரை சமாதானம் ஆகவில்லை. கதையை முடித்துவிட்டு, கைடு ஒன்றும் சொல்லாமல் அந்த லேமினேட் படத்தை மறுபடி எடுத்துக் காட்டினார்.

கோயிலின் கிழக்குக் கோடியில் அன்னையும் குழந்தையும் இருக்கும் மொசைக் திரைக்குப் பின்னால் இருந்தது, தொழும் திசை அது என்பதால். ஒரு காலத்தில் தடை செய்யப்பட்ட திருவுருவங்கள், அதாவது கிறிஸ்து, அன்னை, புனிதர்களின் படங்கள், திரும்பி வந்ததைக் கொண்டாடி 867-இல் வைத்த படம் அது. அதன் முன்கதையைக் கேட்க எங்களைப் பக்கத்தில் உள்ள ஹாகியா ஐரீனுக்கு அழைத்துப் போனார். டோப்காப்பி அரண்மனையின் முதல் முற்றத்தில் இருக்கிறது, கூட்டம் குறைவு, தயவுசெய்து தவறவிடாதீர்கள். உள்ளே அலங்காரம் எதுவும் இல்லை, வெறும் செங்கல், கல். கிழக்கு வளைவில் மட்டும் தங்கப் பின்னணியில் ஒரு கருப்புக் கோட்டுச் சிலுவை. பொதுவாக மற்ற கோயில்களில் அந்த இடத்தில் அன்னையோ கிறிஸ்துவோ இருப்பார்கள். 740 நிலநடுக்கத்தில் இடிந்ததை ஐந்தாம் கான்ஸ்டன்டைன் கட்டியபோது வைத்தது அது, அவர் திருவுருவங்களுக்குக் கடுமையான எதிரி. அவர் அப்பா மூன்றாம் லியோ 730-இல் உருவங்களுக்கு எதிராக இறங்கியபோது பேட்ரியார்க் ஜெர்மானோஸ் ஒத்துப்போகாமல் பதவியை விட்டார். மகன் 754-இல் 338 ஆயர்களைக் கூட்டித் திருவுருவங்களைக் கண்டித்துத் தீர்மானம் போட வைத்தார். அதற்கு முன்பே, அப்பா லியோவின் காலத்திலேயே, இந்தத் தடையைக் கண்டித்து எழுதிய பெரிய குரல் தமாஸ்கஸ் யோவானுடையது. திருச்சபைக்குச் சட்டம் போடுவது அரசர்களின் வேலை இல்லை என்று அவரால் துணிந்து எழுத முடிந்தது, ஏனென்றால் அவர் இருந்தது கலீஃபாவின் ஆட்சியில், பேரரசரின் கை அங்கே நீளாது.

பிறகு பேரரசி ஐரீன் உருவங்களைத் திரும்பக் கொண்டுவர 786-இல் இந்த நகரிலேயே ஆயர்களின் சங்கத்தைக் கூட்டினார், பழைய பேரரசருக்கு விசுவாசமான படைவீரர்கள் வாளோடு உள்ளே புகுந்து கலைத்துவிட்டார்கள். அவர் அந்தப் படைகளை நகரை விட்டு அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் நிக்கேயாவில் கூட்டிச் சாதித்தார். 815-இல் மறுபடி தடை, 843-இல் விதவையான பேரரசி தியோடோரா கையால் இறுதியாக மீட்பு. அவர் வைத்த ஒரே நிபந்தனை, உருவங்களை எதிர்த்த தன் இறந்துபோன கணவர் தியோஃபிலோஸைச் சபிக்கக் கூடாது. எல்லாம் அந்த ஒரு சிலுவைக்குக் கீழே நின்று கேட்டோம். நூறு வருடத்துக்கு மேலாக நடந்த சண்டையில் எந்தப் பேரரசராலும் இதைத் தனியாக முடிக்க முடியவில்லை, சங்கத்தைக் கூட்டாமல், பேட்ரியார்க்கை மாற்றாமல், துறவிகளை மிரட்டாமல் முடியவில்லை, மாற்றியதை அடுத்தவர் திருப்பி மாற்றிக்கொண்டே இருந்தார்.

மதியச் சாப்பாடு பரவாயில்லை. பருப்பு சூப், கோஃப்தே, வெள்ளை பீன்ஸ் சாலட், அயிரான். சைவம் சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டு மேசையிலேயே காலை கைடு விடைபெற்றுவிட்டார், வேறொருவர் வந்தார். இதை யாரும் முன்பே சொல்லவில்லை. பதிவு செய்யும்போது ஒரே ஆள் நாள் முழுக்க வருவார் என்றுதான் எழுதியிருந்தது. புதியவர் நல்ல மனிதர், ஆனால் இந்தத் தலைப்பு அவருடையது இல்லை என்பது முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பைசாந்தியத்தில் பேரரசரே போப், பேரரசரே ராஜா, இரண்டும் ஒருவர்தான் என்று வேனில் உட்கார்ந்ததும் சொன்னார். காலை முழுக்கக் கேட்டதற்கு நேர் எதிர்! மாமா அர்செனியோஸைப் பற்றிக் கேட்டார், அவருக்குப் பெயரே தெரியவில்லை. இந்தக் கருத்து பழைய பாடப்புத்தகங்களில் உண்டு, நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் ஜஸ்டினியனே 535-இல் போட்ட சட்டத்தில் குருத்துவமும் பேரரசும் கடவுள் மனிதர்களுக்குக் கொடுத்த இரண்டு பெரிய கொடைகள் என்று பிரித்துத்தான் எழுதினார், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, ஒன்று தெய்வ காரியங்களுக்கு, மற்றது மனித காரியங்களுக்கு என்று. குருமார்கள் ஒழுங்காக இருக்கிறார்களா என்று பார்ப்பது தன் பொறுப்பு என்றும் அதே மூச்சில் எழுதிக்கொண்டார். அந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் அடுத்த 900 வருடச் சண்டையும் நடந்தது. இந்தத் தலைப்பை விற்கும் ஒரு டூரில் அதைத் தெரிந்த ஆள் மதியமும் இருக்க வேண்டாமா?

அதோடு மதியம் நான்கு இடங்கள். ஃபாத்திஹ் மசூதி இருக்கும் இடத்தில்தான் திருத்தூதர்கள் கோயில் இருந்தது. முதல் கான்ஸ்டன்டைன் பன்னிரண்டு திருத்தூதர்களின் நினைவுக்கல்களுக்கு நடுவில் தன் கல்லறையை வைக்கச் சொன்ன இடம், அவருக்குப் பின் எத்தனையோ பேரரசர்கள் புதைக்கப்பட்ட இடம், இப்போது நகரைப் பிடித்த இரண்டாம் மெஹ்மெட்டின் கல்லறை அங்கே இருக்கிறது. சொல்ல எவ்வளவு இருக்கிறது! பதினைந்து நிமிடத்தில் வேனுக்குத் திரும்பச் சொன்னார். ஜெய்ரெக் மசூதி, அதாவது யோவானும் ஐரீனும் கட்டிய பாண்டோக்ராட்டோர் மடம், காலையில் மொசைக்கில் பணப்பையோடு பார்த்த அதே தம்பதியின் இன்னொரு கொடை. 1136-இல் எழுதிய மடத்து விதிகளில் 50 படுக்கை கொண்ட மருத்துவமனை, மருத்துவர்கள், உணவு, எல்லாம் கணக்கோடு இருக்கிறது. இதையும் மாமாதான் எனக்குச் சொன்னார், கைடு சொல்லவில்லை. இயர்போன் கருவி இரண்டு பேருக்கு வேலை செய்யவில்லை, மாற்றும் இல்லை.

கோரா கோயில், இப்போது காரியே மசூதி, 2024 மே மாதம்தான் திறந்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் கொடுத்தார்கள், இரண்டு மணி நேரம் வேண்டிய இடம். உள் முன்மண்டபத்தில் தியோடோர் மெட்டோகிட்டெஸ் பெரிய தலைப்பாகை மாதிரி ஒரு தொப்பியோடு மண்டியிட்டுக் கோயிலின் சிறு உருவத்தைக் கிறிஸ்துவிடம் நீட்டுகிறார். அவர் பேரரசர் இல்லை, பேரரசரின் முதன்மை அமைச்சர். 1315-க்கும் 1321-க்கும் இடையில் பெரும் பணம் போட்டுக் கோயிலைப் புதுப்பித்தார், 1328-இல் ஆட்சி மாறியதும் எல்லாம் பறிபோனது, நாடு கடத்தப்பட்டார், பிறகு தான் அழகுபடுத்திய இதே மடத்துக்கு எளிய துறவியாகத் திரும்பி வந்து 1332-இல் இறந்தார். அந்த வாசலுக்குக் கீழே நின்று இதை யோசிக்கவாவது நேரம் கொடுத்திருக்கலாம். பக்கவாட்டுச் சிற்றாலயத்தில் கிறிஸ்து ஆதாமையும் ஏவாளையும் கல்லறையிலிருந்து கையைப் பிடித்து இழுக்கும் ஓவியம் இருக்கிறது, வேறு எதையும் பார்க்காவிட்டாலும் அதைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஃபெனேர், பேட்ரியார்க் இன்றும் இருக்கும் இடம். மெஹ்மெட் 1454-இல் கென்னாடியோஸை பேட்ரியார்க் ஆக்கினார், பேரரசர் போனாலும் அந்தப் பதவி தொடர்ந்தது. நடு வாயில் பூட்டியே கிடக்கிறது, 1821 உயிர்ப்பு ஞாயிறன்று ஐந்தாம் கிரிகோரி என்ற பேட்ரியார்க்கை அங்கேதான் தூக்கிலிட்டார்கள், அதன்பின் திறக்கவே இல்லை. பக்க வாயில் வழியாக உள்ளே போனோம், மாலை வழிபாடு நடந்துகொண்டிருந்தது, ஆறேழு பேர்தான். மாமா ஓரமாக நின்று முடியும் வரை கேட்டார், வேன் காத்திருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வெள்ளிக்கிழமை வேண்டாம், மதியத் தொழுகை முடியும் வரை ஹாகியா சோஃபியாவுக்குள் சுற்றுலாப் பயணிகளை விடமாட்டார்கள். செவ்வாய்க்கிழமையும் வேண்டாம், டோப்காப்பி மூடியிருக்கும், ஹாகியா ஐரீனும் போய்விடும். காலைப் பகுதியை மட்டும் தனியாகத் தருவார்களா என்று கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கோராவுக்கு இன்னொரு நாள் நீங்களே போய்க்கொள்ளலாம். நாள் முழுக்க ஒரே கைடுதானா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குறைகளை எல்லாம் நிறுவனத்துக்கும் எழுதினேன், இயர்போனுக்கு மன்னிப்புக் கேட்டார்கள், கைடு மாற்றத்துக்குப் பதில் இல்லை.

மறுநாள் எங்களுக்கு ஓய்வு நாள். மாமா காலையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு கதவருகில் நின்றார். இன்னொரு 25 யூரோ ஆளுக்குக் கொடுத்து, அதே சாய்தளத்தில் மெதுவாக ஏறி, சோயி மொசைக்குக்கு முன்னால் போய் நின்றோம், வேறு எங்கேயும் போகவில்லை. பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் கழுத்தைச் சுற்றிய அந்தத் தடம் முந்தைய நாளைவிட நன்றாகத் தெரிந்தது. "முகத்தை மாத்தினாங்க, பையை மாத்தலை பார்த்தியா" என்றார் மாமா.